மெய்யின் மேல் ஒரு புள்ளி

ஃபர்வானியாவில் ஓர் ஆஸ்பத்திரி, நாலாம் மாடி.
இன்குபேட்டரின் நெற்றியில் ஒரு சீட்டு:
'பேபி ஆஃப் லிடியா. 1 கிலோ 340.'
பெயர் இன்னும் வைக்கவில்லை.
எடை மட்டும் இருக்கிறது.

இதே கட்டடத்தின் அடித்தளத்தில் எனக்கு வேலை.
அடுத்தவர் ரத்தத்திலிருந்து நூல் பிரித்து
எந்த எழுத்தின் மேல் புள்ளி இருக்கிறது என்று
பார்த்துச் சொல்கிற வேலை.

புள்ளி என்றுதான் சொல்வேன்.
மெத்தில் என்று எழுதுவது ரிப்போர்ட்டில்.
ஒன்றாம் வகுப்பு ஸ்லேட்டில் படித்ததுதானே:
'க'வின் தலையில் ஒரு புள்ளி வைத்தால்
எழுத்து அதேதான், வளைவு அதேதான்,
ஓசை மட்டும் தொண்டையில் நின்றுவிடும்.
உயிர் போய் மெய் மிஞ்சும்.

தொண்ணூறு, ஆகஸ்ட்.
என் அம்மா ஜெசிந்தா, ஹவல்லியில் தையல்காரி.
வயிற்றில் ஐந்து மாதமாய் நான்.
டாங்கிகள் வந்த சத்தத்தை அவள் சொன்னதே இல்லை.
சொன்னதெல்லாம் தண்ணீர் லாரியைப் பற்றி.
பஸ்ரா தாண்டி, பாக்தாத் தாண்டி,
ஜோர்தான் எல்லையில்
எந்த நாடும் தன்னுடையது என்று சொல்லாத மணலில்
பத்தொன்பது நாள்.
பிரேக் சத்தம் கேட்டால் ஓட வேண்டும்.
ஓடினால் ஒரு பாட்டில்.
ஓட முடியாத நாளில்
பக்கத்துக் கூடாரத்து இலங்கைக்காரி
தன் பாட்டிலில் விட்டுவைத்த பாதி.

இன்றும் ஜிலீபில் எங்கள் தெருவுக்கு டாங்கர் திரும்பினால்
தூக்கத்தில் எழுந்து நிற்கிறேன், கையில் பாட்டிலோடு.
லிடியா முதலில் சிரித்தாள்.
பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள்.
சமையல்கட்டில் பதினோரு பாட்டில், கழுத்துவரை.
இது ரத்தமா, அம்மாவைப் பார்த்துப் பழகியதா?

ஒரு ராத்திரி ஷிப்டில், யாருக்கும் சொல்லாமல்,
கன்னத்தைச் சுரண்டி என்னையே ஓட்டிப் பார்த்தேன்.
பதற்றத்துக்குப் பிரேக் போடும் மரபணு.
அதன் வாசலில் புள்ளிகள்.
கோலத்துக்கு வைத்ததுபோல் இல்லை,
எறும்பு ஏறியதுபோல்.
ஒரே ஆள், ஒரே மாதிரி,
இதை வைத்து ஒன்றும் சொல்லக்கூடாது என்று
பிறருக்கு நானே சொல்வேன்.
கோப்பை அழித்துவிட்டேன்.
எண்கள் போகவில்லை.

எலிகளில் என்றால் கொஞ்சம் தெளிவு.
நக்கி நக்கி வளர்த்த தாயின் குட்டி
பயந்தாலும் சீக்கிரம் அடங்கிவிடும்.
நக்காதவள் குட்டியை
நக்குகிறவளிடம் மாற்றிப் போட்டால்
அதுவும் அடங்கும்.
மனிதரில் சண்டை இன்னும் ஓயவில்லை.

போன மே மாதம், புழுதிக்காற்றில் கரண்ட் போன மத்தியானம்,
ஃப்ரீசர் அலாரம் அலற, எல்லோரும் கத்த,
என் கை மட்டும் நடுங்காமல்
நாற்பது பெட்டியை ஐஸுக்கு மாற்றியது.
அதுவும் அந்த மணல் தந்ததா?
நல்லதை நான் என்றும்
கெட்டதை மணல் என்றும் சொல்ல
எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நர்ஸ் ரோவெனா என் சட்டைப் பொத்தானைக் காட்டுகிறாள்.
கழற்று.
வயரோடு, ட்யூபோடு,
ஒரு கிலோ முந்நூற்று நாற்பது
நெஞ்சில் வந்து ஒட்டுகிறது,
ஈரப் பல்லி மாதிரி.
மானிட்டரில் நூற்று எழுபத்தெட்டு.

ஜன்னலுக்கு வெளியே
ஏதோ ஒரு லாரி பிரேக் போடுகிறது.
கால் எழப் பார்க்கிறது.
நெஞ்சில் ஆள் இருக்கிறது.
நக்கத் தெரியாத மிருகம் நான்;
இரண்டு விரலால் முதுகைத் தடவுகிறேன்,
மேலிருந்து கீழ், மேலிருந்து கீழ்.

நூற்று எழுபத்தொன்று.
நூற்று அறுபத்தைந்து.
மானிட்டர் சொல்வது அவளுடையதை மட்டும்.
என்னுடையதற்கு வயர் இல்லை.

ரோவெனா தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறாள்.
அப்புறம், என்கிறேன்.